தட்டைப்பயற்றில் சிர்பிட் ஈக்கள்: ஒன்றுபோல் தோன்றுபவற்றைப் பிரித்தறிவது எப்படி?

கேள்வி: தட்டைப்பயற்றின் தளிர்களிலும் பிஞ்சுகளிலும் கருநிற அசுவினி அடர்ந்திருக்கிறது. அந்தச் செடிகளைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய பூச்சிகள் அந்தரத்தில் நின்று பறக்கின்றன. உற்றுப் பார்த்தால் மூன்று, நான்கு விதமாகத் தெரிகிறது. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. அசுவினிக் கூட்டத்திற்குள் பச்சைநிறப் புழுக்களும் கிடக்கின்றன. புழுக்களுக்கு மருந்து தெளிக்க வேண்டுமா? அந்தப் பூச்சிகளை எப்படி இனம் காண்பது?

பதில்: கூட்டத்திற்குள் கிடக்கும் புழுக்களுக்கு மருந்து தெளிக்க வேண்டாம். இலையைக் கடித்துத் தின்னும் புழுவுக்குத் தெளிவான தலையும் கால்களும் இருக்கும். நீங்கள் கண்ட புழுவுக்குக் கால்கள் இல்லாமல், முன்பக்கம் கூம்பிப் பின்பக்கம் பருத்திருந்து, அது முன்முனையை இருபுறமும் வீசித் துழாவி, அகப்பட்ட அசுவினியைத் தூக்கிப் பிடித்து உறிஞ்சுமானால், அது சிர்பிட் ஈயின் புழுதான். கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் ஒரே புழு நூற்றுக்கணக்கான அசுவினிகளை உண்டுவிடும். இப்போது பூச்சிக்கொல்லி தெளித்தால் அசுவினியைவிட முதலில் அழிவது இந்தப் புழுக்களாகவே இருக்கக்கூடும்.

பறப்பவை குளவிகளோ தேனீக்களோ அல்ல, அப்புழுக்கள் வளர்ந்து உருவாகும் சிர்பிட் ஈக்களே. குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள் உண்டு. இவற்றுக்கு இரண்டே இறக்கைகள். உணர்கொம்பும் மிகக் குட்டையாக, ஒரு மெல்லிய முள்மயிருடன் இருக்கும். இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நடுப்பகுதியில் எந்த நரம்போடும் சரியாகச் சேராமல் ஒரு மடிப்பைப்போல ஓடும் கோடு தெரியும். பொய் நரம்பு எனப்படும் இக்கோடு, ஏறக்குறைய எல்லாச் சிர்பிட் ஈக்களுக்கும் பொதுவான அடையாளம்.

இனம் பிரிக்கும்போது பெரும்பாலோர் நிறத்தையும் வரிகளின் அகலத்தையும் மட்டுமே நம்புகிறார்கள். பிழைகளில் பெரும்பகுதி இதனால்தான் நேர்கிறது. கூட்டுப்புழுவாக இருந்த நாட்களில் குளிர் மிகுந்திருந்தால் கறுப்பு பரவி ஈ இருண்டு பிறக்கும். வெப்பம் மிகுந்திருந்தால் அதே இனம் வெளிர் ஆரஞ்சாகப் பிறக்கும். ஆகவே உடலமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதிலும் ஆணா பெண்ணா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வயலில் இருக்கக்கூடிய, அசுவினியை உண்ணும் இந்தச் சிர்பிட் வகைகளில், இரு கூட்டுக்கண்களும் உச்சந்தலையில் ஒட்டியிருந்தால் ஆண். நடுவில் இடைவெளி இருந்தால் பெண். இதைப் பார்க்காமல், ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாக எண்ணிக்கொள்பவர்கள் ஏராளம்.

அடுத்து நெஞ்சுப்பகுதியின் மேற்புறத்தை, குறிப்பாக அதன் இரு ஓரங்களையும் கவனியுங்கள். ஓரத்தில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை இல்லாமல், முதுகில் மங்கிய சாம்பல் கோடுகள் நீளவாக்கில் ஓடி, வயிற்றின் மூன்றாம் நான்காம் கண்டங்களில் பருத்த கறுப்புப் பட்டையுடன் மீசைபோல் மெலிந்த இன்னொரு கறுப்புக் கோடும் இருந்தால் அது எபிசிர்பஸ் பால்டியேட்டஸ். இந்த இரட்டைப் பட்டை மிகவும் நம்பத்தக்கது. இருண்டு பிறந்த ஈக்களிலும் பெரும்பாலும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.

நெஞ்சின் ஓரங்களில் பளிச்சென்ற மஞ்சள் பட்டை ஓடினால் அது இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸாகவோ ஸ்பேரோஃபோரியா பேரினத்தைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம். அதிகம் குழப்புபவை இவை இரண்டும்தான். ஆண் கிடைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். இஸ்கியோடான் ஆணின் பின்காலை அடிப்பக்கமிருந்து பார்த்தால், தொடைக்கு மேலுள்ள சிறு கணுவிலிருந்து குச்சிபோன்ற ஒரு நீட்சி கிளம்பியிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் இது நன்றாகத் தெரியும். ஸ்பேரோஃபோரியா ஆணுக்கு அந்த நீட்சி கிடையாது. அதன் வயிறு ஒடுங்கி நீண்டு, பக்கங்கள் இணையாக இருக்கும். நுனியில் இனப்பெருக்க உறுப்பு உருண்டையாகப் புடைத்திருக்கும். பெண் ஈக்களில் இவ்வளவு தெளிவான அடையாளம் இல்லை. ஸ்பேரோஃபோரியா பெண்ணைப் பேரினம் வரை சொல்லி நிறுத்திக்கொள்வதே நேர்மையான முடிவு. படத்தை மட்டும் பார்த்து இனப்பெயரை உறுதியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இவற்றைவிட மிகச் சிறியதாக, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளத்தில், கருமை மிகுந்த ஈ தென்பட்டால் அது பாராகஸ் ஆக இருக்கலாம். அதன் கண்களில் வெண்மயிர்கள் செங்குத்தான பட்டைகளாக அமைந்திருக்கும். இதுவும் அசுவினியை உண்ணும் வகையே. பூக்களில் மட்டும் அமரும், தேனீயைப்போல் தடித்த உடலும் புள்ளியோ கோடோ போட்ட கண்களும் கொண்ட எரிஸ்டாலினஸ் வேறு வகை. அதன் இறக்கையில் ஒரு நரம்பு நடுவில் ஆழமாக வளைந்து இறங்கும். அதன் புழு அழுகிய பொருள் கலந்த தேங்குநீரில் நீண்ட சுவாசக் குழலுடன் வளர்வதால் அசுவினியைக் குறைக்க உதவாது. ஆயினும் ஈ மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவதால் அதற்கும் தீங்கு செய்ய வேண்டாம்.

பறக்கும் ஈயில் இவற்றைப் பார்க்க இயலாது. சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து, சில நிமிடங்கள் குளிர்பெட்டியில் வைத்தால் அசைவு அடங்கும். பார்த்து முடித்ததும் வயலிலேயே விட்டுவிடலாம். படம் எடுப்பதானால் மேற்புறம் மட்டும் போதாது. முகம், நெஞ்சின் பக்கவாட்டு, விரித்த இறக்கை, பின்கால் ஆகியவற்றையும் தனித்தனியே எடுங்கள்.

இலையில் ஒட்டிய, கண்ணீர்த்துளி வடிவக் கூட்டுப்புழு கிடைத்தால், இலையோடு கிள்ளி, வாயில் மெல்லிய துணி கட்டிய குப்பியில் வைத்து வளர்ப்பது இன்னும் நல்ல வழி. அதிலிருந்து மெலிந்த சிறு குளவி வெளிவந்தால், சிர்பிட் புழுவை ஒட்டுண்ணி தாக்கியிருந்தது என்று பொருள். அத்தகைய கூடுகள் மிகுந்தால் சிர்பிட் ஈக்களின் பெருக்கம் தளரும். ஈ வெளிவந்தால், அது வெளிவந்த உடனே இனம் பார்க்க வேண்டாம். புதிதாக வந்த ஈ வெளிறி, இறக்கை சுருங்கி இருக்கும். ஒரு பகல் விட்டு, நிறமும் வரிகளும் முழுமையாகத் தோன்றிய பிறகு பாருங்கள்.