டான்ஸ் மியூசிக் என்றால் என்ன? வெறும் தாளத்தைத் தவிர அதில் வேறு ஏதாவது இருக்கிறதா?

அர்த்தம் என்ன, என்னென்ன வகை என்று மட்டும் கேட்டிருந்தால் கடந்து போயிருப்பேன். "வெறும் தாளத்தைத் தவிர" என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். சென்னையில் 26 வருடமாகப் பரதநாட்டியத்துக்கு மிருதங்கம் வாசிக்கிறேன். ஏதோ கல்யாண ரிசப்ஷனில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நொந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தக் கோபம் நியாயம்தான்.

என்னைக் கேட்டால், ஆடுகிறவர் காலைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதுதான் டான்ஸ் மியூசிக். கச்சேரி என்றால் பாடகரைப் பார்ப்போம். இங்கே கண் பாதத்தை விட்டு நகரக்கூடாது.

மயிலாப்பூரில் ஒரு அரங்கேற்றம். வர்ணம் என்கிற நீண்ட உருப்படியில் திரிகால ஜதி, அதாவது மூன்று வேகங்களில் ஆடும் தாளச் சொற்களின் கோவை; அதில் மூன்றாம் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் இடது கால் சலங்கையில் கயிறு அறுந்து மணிகள் மேடையெல்லாம் சிதறிவிட்டன. ஒன்று உருண்டு வந்து என் முழங்காலில் இடித்து நின்றது. வெறுங்காலில் மணியை மிதித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அவள் காலைத் தூக்கித் தள்ளி வைத்தாள், தாளத்தில் அரை அட்சரம், அதாவது அரை எண்ணிக்கை, போய்விட்டது. தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் செய்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் ஜதியின் சொற்கட்டை அப்படியே விட்டுவிட்டு, இடது பக்கமான தொப்பியில் தாளத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். தொப்பியை அழுத்தி எழுப்பும் கும்கி கூட இல்லை. மூன்றாவது அடியில் பிடித்துக்கொண்டாள், ஜதியை முடிக்கும் தீர்மானம் சமத்தில், தாளத்தின் முதல் அடியில், வந்து விழுந்தது. சபையில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதுதான் அன்றைக்கு என் வாசிப்பு.

இது புதிய விஷயமே இல்லை. சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆட்டத்துக்குத் தண்ணுமை என்ற முழவு வாசிப்பவனுக்கு இலக்கணம் சொல்கிற இடத்தில், மற்ற கருவிகளில் குறை வந்தால் நிரப்பவும் மிகுந்தால் அடக்கவும் தெரிய வேண்டும் என்று வருகிறது.

சரி, வகைகள். அக்கா பையன் ஹோட்டல்களில் டிஜே. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: ஹவுஸ் 1980-களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்தது, டெக்னோ அதற்குச் சற்றுப் பின்னால் டெட்ராய்ட்டில். ஹவுஸில் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி, ஒவ்வொரு அடியிலும் டிரம் விழும். டிரம் அண்ட் பேஸ் என்ற வகை 160-க்கு மேலே ஓடும். ஐரோப்பியர்களின் வால்ட்ஸ் நடனம் மூன்று எண்ணிக்கை. நம் ஊர்ச் சாவு மேளமும் மூன்று மூன்றாக உருளும் திஸ்ர நடைதான், ஆனால் வால்ட்ஸுக்கும் அதற்கும் என்ன தூரம்! வியாசர்பாடியில் ஒரு சாவு வீட்டில், பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தவர் ஆடுகிற பையன் களைத்ததைப் பார்த்தவுடன் கை காட்டி வேகத்தைக் குறைத்தார். இத்தனைக்கும் அந்தப் பையன் அவருக்கு யாரோ.

பரதத்தையும் சாவு மேளத்தையும் ஒரே பதிலில் எழுதலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாசிக்கிறவரின் கண் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறது என்கிறேன். டிஜே ரெக்கார்டைத்தானே போடுகிறான் என்பார்கள். அவனும் ஆடுகிற கூட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டை எடுக்கிறான். ஆனால் நாட்டியத்துக்கு வாத்தியக்காரர்களே வேண்டாம் என்று பெண்டிரைவில் பாட்டை ஓட விடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்றைக்கு மேடையில் பெண்டிரைவ் ஓடியிருந்தால் அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே போயிருப்பாள். செலவு கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். பூ அலங்காரத்துக்கு ஆகிற செலவில் நாங்கள் நான்கு பேர் வந்து உட்காரலாம்.

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வீடு மாறும்போது, மிருதங்கம் வாசிக்கிறவர் என்றதும் ஐந்து வீட்டுக்காரர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதில் இரண்டு பேரின் பெண்கள் பரதம் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் அரங்கேற்றத்துக்கு வாசிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் குடியிருக்க வீடு மட்டும் கிடையாது. கடைசியில் மேடவாக்கம் தாண்டித்தான் கிடைத்தது. நிகழ்ச்சி முடிந்து மிருதங்கத்தோடு வீடு வந்து சேர இரவு பன்னிரண்டு ஆகிறது.