ஹட்டன் எவ்வளவு தூரம்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவன். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அமெரிக்காவில் விண்வெளிக் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. என் தங்கச்சி இந்த முறை சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ, விஞ்ஞானத்துக்கு பீ எடுத்திருக்கிறாள். பக்கத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலையும் வர்த்தகமும்தான் இருக்கிறது. கணிதப் பிரிவு என்றால் ஹட்டனுக்குப் போக வேண்டும். அம்மா கொழுந்தெடுக்கிறார். "பொம்பளப் புள்ளய தனியா விட ஏலாது, கலை படிச்சு டீச்சராகட்டும்" என்கிறார். மாமாவும் அதையே சொல்கிறார். அமெரிக்கா வேறு, எங்கள் தோட்டத்து லயத்து வீடு வேறு. நீங்கள் எழுதும் கதைகளால் எங்களுக்கு என்ன உதவி? பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது மட்டும்தானா?

என் பெயரைப் போட வேண்டாம். ஹட்டனில் நல்ல விடுதி தெரிந்தால் சொல்லுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

கோபமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் கடைசி வரியில் விடுதி கேட்டிருக்கிறீர்கள். அதனால் பாதி முடிவை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. நாசாவில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜோன்சனைப் பற்றிப் பேசினால் எல்லோரும் 1962க்குப் போய்விடுவார்கள். ஜோன் கிளென் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கணினி தந்த விடையை அந்தப் பெண் கையால் போட்டுச் சரிபார்க்கட்டும் என்று கேட்டாராம். பெருமையான விஷயம்தான். ஆனால் உங்கள் வீட்டுக்குத் தேவையான பகுதி அதற்கு முப்பது வருடங்களுக்கும் மேல் முந்தியது. மேற்கு வெர்ஜீனியாவில் அவர் பிறந்த ஊர்ப்பக்கம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பாடசாலை முடிந்துவிடும். அப்பா விவசாயம், மரவேலை, கிடைத்த கூலிவேலை என்று செய்தவர். உயர்நிலைப் பாடசாலை இருந்த ஊர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி. அங்கே ஒரு வீடு பிடித்து, பாடசாலைக் காலத்தில் தாயையும் பிள்ளைகளையும் அங்கே வைத்தார்கள். விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பினார்கள். பிள்ளை கெட்டிக்காரி, அது உண்மை. ஆனால் அந்தக் குடும்பம் அன்று இடம் மாறியிருக்காவிட்டால் அவருடைய கெட்டித்தனம் யாருக்கும் தெரியவந்திருக்காது.

உங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன் எவ்வளவு தூரம்? பஸ் பிந்தினாலும் அரை நாளுக்குள் போய்ச் சேரலாம்.

அமெரிக்கா வேறு என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன், வேறுதான். மேரி ஜாக்சன் பொறியியலாளராக வேண்டும் என்றபோது, மேலதிக வகுப்புகள் வெள்ளையருக்கு மட்டுமான பாடசாலை ஒன்றில் நடந்தன. உள்ளே போக நகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டு, வாங்கி, படித்து, 1958ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியியலாளர் ஆனார். எங்களுக்கும் சட்டம் கதவடைத்த காலம் உண்டு. 1948ல் மலையகத் தமிழரிடம் பறித்த குடியுரிமை, மிச்சம் இருந்தவர்களுக்கும் கிடைக்க 2003 வரை போனது. நாட்டில் 1945ல் இலவசக் கல்வி வந்த பிறகும் தோட்டப் பாடசாலைகள் 70கள் வரை கம்பெனிகளின் கையில்தான் இருந்தன. இன்று உங்கள் தங்கச்சியைப் போகாதே என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அதுதான் சிக்கலும். சட்டம் என்றால் எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருக்கும். பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரித்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபியில்தான். உங்கள் பக்கத்துப் பாடசாலை 1சி. இப்படி ஓர் எழுத்து, பிள்ளையின் வாழ்க்கையைப் பதினாறு வயதில் திருப்பிவிடுகிறது. யாரோடு சண்டை போடுவது?

கலைப் பிரிவை நான் குறைத்துப் பேசவில்லை. வரலாற்றில் ஆசை உள்ள பிள்ளை வரலாறு படிக்கட்டும். பஸ் போகும் திசையைப் பார்த்துப் பாடம் எடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், மாமா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். தங்கச்சிக்கு ஒரு வரியும் இல்லை. கணிதம் அவளுக்குப் பிடிக்குமா, மதிப்பெண் மட்டும் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றிரவு போன் எடுத்துக் கேளுங்கள்.

அம்மாவின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். தோட்டத்துப் பெண்பிள்ளை தனியாக வெளியே போன கதைகளில் அவர் கேட்டது பெரும்பாலும் கார்மெண்ட்டும் வீட்டுவேலையும்தான். அவற்றில் கெட்டது நடந்ததும் உண்டு. அந்தப் பயத்துக்கு நாசா பதில் இல்லை. விடுதியில் யார் பொறுப்பு, இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள், கூட எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான் பதில். அம்மாவையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவருக்கு ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. அப்புறம், தயவுசெய்து சொந்தக்காரர் வீட்டில் விடாதீர்கள். செலவு குறைவு என்று தோன்றும். அங்கே தங்கிப் படிக்கும் பெண்பிள்ளை பாதி நேரம் அடுப்படியில்தான் நிற்பாள். உயர்தரக் கணிதப் பிரிவின் இணைந்த கணிதம் அப்படிப் படிக்கிற பாடம் இல்லை.

"டீச்சராகட்டும்" என்கிறார் அல்லவா? சரி, ஆகட்டும். கணித டீச்சராகட்டும். மலையகத்தில் கலைப்பாட ஆசிரியரை விட, தமிழில் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைத் தேடுவதுதான் கஷ்டம். உங்கள் பாடசாலை 1சியாகவே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருடைய ஆசைக்கே இதுதான் நேர்வழி.

பொறியியல் பெண்ணுக்கு ஒத்துவராது என்று மாமா சொன்னால், பிரேமளா சிவப்பிரகாசபிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். 1960ல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போய், நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் ஆன தமிழ்ப்பெண். அவர் கொழும்புக்காரர், லயத்தில் பிறக்கவில்லை என்று மாமா மடக்கலாம். அப்படியென்றால் கிளாடிஸ் வெஸ்ட். வெர்ஜீனியாவில் வயலில் பாடுபட்ட குடும்பம். வயலைவிட்டு வெளியே போக வேண்டும் என்றே படித்தவர். வகுப்பில் முதலாவதாக வந்து கிடைத்த உதவிப்பணத்தில் கல்லூரிக்குப் போனார். 1956ல் கடற்படையின் ஆய்வுகூடம் ஒன்றில் சேர்ந்து, செய்மதித் தரவுகளை வைத்துப் பூமியின் சரியான வடிவத்தைக் கணக்கிடும் வேலையில் பல வருடங்கள் இருந்தார். கையில் உள்ள போன் வழிகாட்டுகிறதே, அந்த ஜீபீஎஸ்ஸுக்கு அந்தக் கணக்கு ஓர் அடிப்படை.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் சனம் அங்கேயே இருந்தது. போக வேறு இடம் இல்லை என்பது பெரிய காரணம். ஆனால் எச்சரிக்கை எந்த மொழியில், யார் வாயால், எப்படி வந்தது என்பதும் முக்கியம் என்றே நினைக்கிறேன். நிலத்தில் வெடிப்பு விழுவதை, மரம் சாய்வதை, ஊற்றுத்தண்ணி திடீரென்று கலங்குவதை முதலில் காண்பவர்கள் தினமும் மலைக்குப் போகும் கொழுந்தெடுக்கும் பெண்கள். அவர்கள் யாரிடம் சொல்வார்கள்? கங்காணியிடம் சொன்னால் அன்றைய கொழுந்து கிலோ குறைந்ததற்குச் சாட்டு என்பார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சரிவை அளக்க வருபவர்களில் லயத்தில் வளர்ந்த ஒரு பெண் இருந்தால், அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிலத்தையும் பாறையையும் பற்றிப் படிக்கும் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது. உங்கள் அம்மா பார்த்துப் பார்த்து அறிந்ததை அளந்து எழுதுகிற படிப்பு அது. தலவாக்கலை சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கிறது. கொழுந்து பெரும்பாலும் பெண்கள் கையால் வருகிறது, ஃபெக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கர் நாற்காலியில் மட்டும் வழக்கமாக ஆண். மாறினால் நல்லது.

இனி நடைமுறை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கொழும்பில் நல்ல டியூசன் இருக்கிறது என்று அவளை உங்களோடு கூட்டிவந்துவிடாதீர்கள், அந்த வாய்ப்பு போய்விடலாம். மாவட்டம் எது என்று தீர்மானிக்கும் விதிகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உள்ளன, எதையும் மாற்றுமுன் வாசியுங்கள். கணிதப் பிரிவு கிடைக்காவிட்டால் 2013ல் வந்த தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதிலிருந்தும் பட்டப்படிப்புக்குப் போகலாம். பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலம். முதல் வருடத்தில் நம் பிள்ளைகள் அழுவது கணிதத்துக்காக அல்ல. வகுப்புத் தொடங்கும்வரை சும்மா இருக்கும் காலத்தில் அவள் ஆங்கிலம் படிக்கட்டும்.

காசு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் அதுதான் அடியில் கிடக்கிறது. இரண்டு வருட விடுதிச் செலவு உங்கள் சம்பளத்துக்குப் பாரம். பெறுபேறு வந்த பிறகு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்த எங்கள் ஊரில் ஆள் நிறைய. தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டி, பழைய மாணவர் சங்கம் எல்லோரும் வருவார்கள். அவர்களிடம் இப்போதே போய் பஸ் காசையும் விடுதிக் காசையும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். அவர்கள் தராவிட்டால் எனக்கு எழுதுங்கள், கேட்டுப்பார்க்க எனக்கும் நாலு பேரைத் தெரியும்.

நான் அறிந்த இரண்டு விடுதிகளின் விபரத்தை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். உயர்தர அனுமதிக்கான கடைசித் திகதி பாடசாலைக்குப் பாடசாலை மாறும். அடுத்த லீவு வரும்வரை காத்திருக்காமல், தங்கச்சியையும் அம்மாவையும் இந்த வாரமே ஹட்டனுக்குப் போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா