ஏழு மணி நேரப் பயணமா?

கேள்வி: மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.30, போய்ச் சேர்வது காலை 6.30 என்று இருக்கிறது. ஏழு மணி நேரமா உட்கார வேண்டும்? எனக்கு முழங்கால் வலி.
– வாசகி, குடியாத்தம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, நாலரை மணி நேரம்தான். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே போடுவார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஏழில் அதைக் கழியுங்கள். வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அந்த நாலரைக்குள் அடக்கம். திரும்பும்போது அங்கே இரவு 9-க்கு ஏறினால், இங்கே 11-க்கே மீனம்பாக்கம்! ‘வரும் விமானம் மட்டும் அவ்வளவு வேகமா?’ என்று என் அண்ணி கேட்டார்.

முழங்காலுக்குச் சோதனை தரையில்தான். வேலூரிலிருந்து சென்னை 140 கி.மீ. என்று நம்பிக் கிளம்பிய நான், ஸ்ரீபெரும்புதூர் அருகே லாரிகளுக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். மடியிலிருந்த ஆற்காடு மக்கன் பேடா டப்பாவிலிருந்து பாகு கசிந்து, வேட்டியெல்லாம் பிசுபிசுப்பு. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், காலை நீட்டலாம்.