அசரியா அத்தியட்சரைப் பற்றி மலரில் எழுதும் முன்

கேள்வி: எங்கள் சேகரத்தில் ஆலயப் பிரதிஷ்டை நூற்றாண்டு மலர் போடுகிறோம். ‘இந்தியாவின் முதல் பிஷப் அசரியா’ என்று இரண்டு பக்கம் எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. 1932-ல் நாசரேத்தில் எங்கள் தாத்தாவுக்குத் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக்கும் சடங்கு) கொடுத்தவரும் அவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள். அதைச் சேர்க்கலாமா? எதை முக்கியமாக எழுத வேண்டும்?

முதலில் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். கேரளத்தின் பறம்பில் சாண்டி 1663-லேயே கத்தோலிக்க ஆயர் ஆகிவிட்டார். ‘ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர்’ என்று போட்டால் சரியாக இருக்கும், பெருமையும் ஒன்றும் குறையாது; அத்தியட்சர் என்றாலும் பிஷப் என்றாலும் ஒன்றுதான்.

அப்புறம் தாத்தா விஷயம். 1932-ல் நாசரேத் அடங்கிய திருநெல்வேலித் திருமண்டலத்துக்கு (அத்தியட்சரின் ஆளுகைப் பகுதிக்கு) அத்தியட்சர் ஃபிரெடரிக் வெஸ்டர்ன். அசரியாவின் திருமண்டலம் தெலுங்கு நாட்டில், நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லை மையமாகக் கொண்டது. விருந்தினராக வந்து அவர் கொடுத்திருக்கலாம், இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது. நாசரேத் சேகரத்துக் குருவானவரிடம் கேட்டு அந்த ஆண்டின் திடப்படுத்தல் பதிவேட்டைப் பாருங்கள், கொடுத்தவர் யார் என்று அதில் இருக்கும். பார்க்கும்வரை அச்சில் ஏற்ற வேண்டாம்.

இனி கட்டுரைக்கு வருவோம். பிறப்பு 17 ஆகஸ்ட் 1874, வெள்ளாளன்விளை, தகப்பனார் குருவானவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை, பிறகு ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலை. இதெல்லாம் ஒரு பத்தியில் முடிந்துவிடும். கொஞ்சம் நின்று எழுத வேண்டிய இடம் 1902. யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நம்மிடம் இத்தனை சபைகள் இருந்தும் இது இல்லையே என்ற உறுத்தலோடு திரும்பியவர், அடுத்த ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் ஊழியத்துக்குத் தேர்ந்துகொண்ட இடம்தான் தோர்ணக்கல். 1909-ல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடு அவரே அங்கே குடிபோனார்.

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுப் பேச்சை எல்லோரும் எழுதுவார்கள், அதுவும் ‘நண்பர்களைத் தாருங்கள்’ என்ற கடைசி வரியை மட்டும். அதற்கு முன்னால் அவர் சொன்னதைத்தான் நீங்கள் எழுத வேண்டும். வெள்ளைக்கார மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவே சம்பளமும் வேலையும் இருக்கிறது, நட்பு இல்லை என்பதை ஐரோப்பிய மிஷனெரிகள் நிறைந்த அரங்கில் முகத்துக்கு நேராகச் சொன்னார், பலருக்குக் கோபம் வந்தது. ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம் என்று அவர் முடித்தது 1 கொரிந்தியர் 13-ஐ வைத்து. மலரைப் படிக்கிற சபையாருக்கு இதை எடுத்துச் சொன்னால் சட்டென்று புரியும்.

29 டிசம்பர் 1912-ல் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவருக்கு அத்தியட்சர் அபிஷேகம் நடந்தது. சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட் பிடிவாதமாக நின்றதால்தான் அது நடந்தது. எதிர்ப்பு மிஷனெரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை, இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் வந்தது, அதில் சாதியும் இருந்தது. மலர்க் குழு இதைத் தவிர்க்கச் சொல்லலாம், நீங்கள் விடாதீர்கள்.

மீதி இடம் முழுவதையும் தோர்ணக்கல்லுக்கே கொடுங்கள், அவர் வாழ்க்கையின் கனம் அங்கேதான் இருக்கிறது. தெலுங்கு கற்று, தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா சாதி மக்களின் சேரிகளுக்கு மாட்டுவண்டியில் போனார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் கையைத் தன் தலையில் வைத்து, ‘சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய திருமண்டலத்தில் இருந்த முறை. கும்பிட்டு நிற்கவே பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கூலிக்காரர், சபையில் சேரும் அன்றைக்கே ஒரு பொறுப்பை ஏற்கிறார். அசரியா கட்டிய பேராலயம் 1939-ல் பிரதிஷ்டையானது. கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் அதில் ஒன்றாக நிற்கின்றன, படம் கிடைத்தால் கட்டாயம் போடுங்கள்.

காந்தியோடு இருந்த கருத்து வேறுபாட்டையும் ஒளிக்க வேண்டாம். 1930-களில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்ததைக் காந்தி ஏற்கவில்லை, அந்த மக்கள் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்ற நிலையிலிருந்து அசரியா இறங்கவில்லை. அதே அசரியா தேர்தலில் கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித்தொகுதி வேண்டாம் என்றும் உறுதியாக நின்றார். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஆள் யாரென்று தெரியும்.

கடைசியாக, படத்துக்குக் கீழே ‘சி.எஸ்.ஐ. பேராயர்’ என்று போட்டுவிடாதீர்கள், இந்தத் தவறு அடிக்கடி வருகிறது. அவர் இறந்தது 1 ஜனவரி 1945, சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை பல சபைகள் இணைந்து உருவானது 27 செப்டம்பர் 1947. அந்த இணைப்புப் பேச்சைத் தொடங்கி வைத்த 1919 தரங்கம்பாடிக் கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் என்று போடுங்கள்.