தெருப் பெயரை வெட்டிவிட்டேன்

அன்புள்ள அக்கா,

வடசென்னையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஏரியாவில் ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நடந்து, ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி ஊர்வலம் போகிறோம். அவனைத் தூக்கில் போடவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அந்தக் குடும்பமோ கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. அவர்கள் தைரியமாக முன்னால் வந்தால்தானே மற்றவர்களுக்கும் விழிப்புணர்வு வரும்? பேனருக்கு நல்ல வாசகம் ஒன்று எழுதித் தாருங்கள்.

(பெயரை எடுத்துவிட்டேன்)

அன்புள்ள தம்பி,

பெயரை மட்டுமா எடுத்தேன்? தெரு, அந்தச் சிறுமியின் அப்பா பார்க்கும் வேலை, அவள் டியூஷன் போகும் இடம், எல்லாம் எழுதியிருந்தீர்கள். அவள் பெயரை எழுதவில்லை, அதுவே போதும் என்று நினைத்துவிட்டீர்கள். இந்த மூன்றும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு? பாதிக்கப்பட்டவளை அடையாளம் காட்டும் எதை வெளியிட்டாலும் குற்றம் என்கிறது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்திலும் தனியாகத் தடை உண்டு. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இது எத்தனை கை மாறியது?

காசிமேட்டில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. குழாயடியில் மாசக்கணக்கில் அவள் பேச்சுதான். என்ன பாவாடை போட்டிருந்தாள், எத்தனை மணிக்குக் கடைக்குப் போனாள், இனி யார் கட்டிக்கொள்வான். என் அம்மா மட்டும் குடத்தை வைத்துவிட்டுக் கேட்பாள்: "அவன் பேரச் சொல்லேன், அந்தப் பொண்ணு பேர இன்னாத்துக்கு இழுக்குற?" யாரும் பதில் சொல்லமாட்டார்கள். கடைசியில் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போனது அந்தக் குடும்பம்தான். அவன் கடை அதே முனையில் நடந்தது, எல்லோரும் அங்கேதான் சாமான் வாங்கினோம்.

காலம் மாறிவிட்டது என்பீர்கள். 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னவர் போலீஸ் அதிகாரி. 2024 டிசம்பரில், பாலியல் கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்து ஊரெல்லாம் சுற்றியது. அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச்சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பணம் தரலாம், சரி. அந்த எஃப்.ஐ.ஆரைப் படித்தவர்கள் கண்ணிலிருந்து அதை யார் அழிப்பது?

அவள் முன்னால் வரவேண்டுமாம்! எதற்கு? உங்களுக்கு விழிப்புணர்வு வருவதற்கா? அவள் ஸ்கூலுக்குப் போகவேண்டும், நன்றாகத் தூங்கவேண்டும், தோழிகளோடு சண்டை போடவேண்டும். பேசுவதா வேண்டாமா என்பதை வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும். அந்தக் கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? வெளியே நிற்பது நீங்களும் உங்கள் குரூப்பும்தான்.

தூக்கைப் பற்றி இப்போது நான் பேசப்போவதில்லை, அது நீதிமன்றத்தின் வேலை.

கோபப்பட்டு எழுதுகிறேன், ஆனால் உங்கள் வயதில் ஒருவர் இதற்காகத் தெருவில் இறங்க நினைப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த மனசை வேறு பக்கம் திருப்புங்கள். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் யூனிஃபார்மில் வரக்கூடாது, குழந்தை இருக்கும் இடத்துக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோதான் வரவேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் போக்சோவின் 24-ஆவது பிரிவில் இருக்கிறது. குழந்தை பயந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு கவனம். அவள் அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். வழக்கு முடியும்வரை கூடவே நிற்க ஓர் ஆளைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், கேட்கவேண்டும். சிகிச்சைக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆனாலும் எந்த ஆஸ்பத்திரியும் காசு கேட்கக்கூடாது, எஃப்.ஐ.ஆர். எங்கே என்று திருப்பி அனுப்பவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் வழி சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பெண்கள் யாராவது ஒருவர் சத்தமில்லாமல் போய் அந்த அம்மாவிடம் இதைச் சொல்லட்டும். நீங்கள் போகவேண்டாம், கூட்டமாக வேண்டவே வேண்டாம்.

பேனர் வாசகத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் குரூப்பில் இருப்பதை அழியுங்கள், ஃபார்வர்ட் செய்தவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் அந்தத் தெரு வழியாகப் போகவே கூடாது.