எல்லோருக்கும் ஒரே வரி நியாயமா?

கேள்வி: அதிகம் சம்பாதித்தால் அதிக விகிதத்தில் வரி என்பது உழைப்புக்குத் தண்டனை அல்லவா? எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்று வைத்தால் என்ன? (வாசகர், நாமக்கல்)

பதில்: முப்பது வருடம் வங்கியில் பணம் எண்ணியவன் நான், கணக்காகவே பேசுகிறேன். விகிதம் 20 என்று வையுங்கள். மாதம் 25,000 ரூபாய் வாங்குபவர் 5,000 கட்ட வேண்டும். அது அவருடைய வீட்டு வாடகை. 10 லட்சம் வாங்குபவர் 2 லட்சம் கட்டினாலும் அவர் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டில் ஒன்றுகூடக் குறையாது.

உங்கள் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. 1973-74இல் நம் நாட்டில் உச்ச விகிதம், கூடுதல் வரியோடு சேர்த்து, 97.75 சதவீதம்! அந்த உச்சப் படியில் சம்பாதிக்கும் நூறு ரூபாயில் கைக்கு வருவது இரண்டேகால் ரூபாய். எவர் ஒழுங்காகக் கணக்குக் காட்டுவார்?

ரஷ்யா 2001இல் எல்லோருக்கும் 13 சதவீதம் என்றது. வசூல் கூடியது, அதற்கு ஒரே விகிதம்தான் காரணமா என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 2021இல் ஆண்டுக்கு 50 லட்சம் ரூபிளுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 15 சதவீதம் வந்தது. 2025 முதல் 13இலிருந்து 22 வரை ஐந்து படிகள்.

படிவம் எளிதாகுமே என்பீர்கள். தலைவலி விகிதத்தில் இல்லை ஐயா, எது வருமானம், எது கழிவு என்பதில்தான். பெருக்கலைக் கைபேசி பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஒரே விகித வரியை நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே சோப்புக்கட்டிக்குக் கோடீஸ்வரரும் தெருக்கூட்டும் அம்மாவும் கட்டுவது ஒரே ஜி.எஸ்.டி.தான்.