கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு மூதாதையரைத் தேடும்போது குடும்பப் பெயர் பாதியில் மாறிவிடுகிறதே, எப்படித் தொடர்வது?

குடும்பப் பெயரை விட்டுவிட்டுக் கல்யாணங்களைப் பின்தொடருங்கள். என் மனைவி கியூபெக்காரர். அவருடைய அம்மா வழியைத் தேடியபோது எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

உங்கள் கணவரின் முன்னோர் 1740களில் ‘லாஃப்ளர்’ என்று இருக்கிறார்கள், அதற்கு முன்னால் ஆளையே காணோம் என்று எழுதியிருக்கிறீர்கள். லாஃப்ளர் என்றதுமே ‘தி’ (dit, பிரெஞ்சில் ‘எனப்படும்’) சேர்ந்த பெயராக இருக்கும் என்று தோன்றுகிறது. நம் செய்தித்தாள்களில் ஒருவர் பெயருக்கு நடுவே (எ) போட்டு இன்னொரு பெயர் சேர்ப்பார்களே, அந்த மாதிரி. ஊதோன் தி போல்யூ, மிவில் தி தெஷேன், ருவா தி தெஜார்தேன் என்று சர்ச் பதிவேட்டில் வரும். அடுத்தடுத்த தலைமுறைகளில் ஒரு கிளை ஊதோன் ஆகிவிடும், இன்னொன்று போல்யூ ஆகிவிடும்.

இதில் நிறையப் பெயர்கள் பட்டாளத்தில் வைத்தவை. 1665இல் பிரான்சிலிருந்து காரிஞான்-சாலியேர் படைப்பிரிவில் சுமார் 1,200 பேர் கியூபெக்குக்கு வந்தார்கள்; அவர்களில் 400 பேர் அளவில் அங்கேயே தங்கிவிட்டார்கள். பூ என்று லாஃப்ளர், கவலையில்லாதவன் என்று சான்சூசி, மலையையே வெட்டுபவன் என்று திரான்ஷ்மொந்தாஞ்! சிலருக்குச் சொந்த ஊரே பெயரானது: ஆஞ்சூ பகுதிக்காரர் லாஞ்ஜ்வேன். பட்டாளத்துக்கு வெளியிலும் இந்த வழக்கம் உண்டு. 1759இல் போர் நடந்த ஆபிரகாம் சமவெளிக்குப் பெயர் தந்தவர் ‘ஆபிரகாம் மார்த்தேன் தி லெகோஸே’, அதாவது ஸ்காட்லாந்துக்காரர். ஒன்றை மறக்காதீர்கள்: லாஃப்ளர்கள் எல்லாரும் ஒரே வம்சம் இல்லை. எத்தனையோ படைவீரர்களுக்கு அதே பட்டப்பெயர்தான்.

சரி, கல்யாணம் ஏன்? கத்தோலிக்கத் திருமணப் பதிவில் பொதுவாக மணமக்கள் இருவரின் தாய் தந்தையர் பெயரும் இருக்கும், அதிலும் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரோடு. பதிவேடுகளில் பெண்கள் சாகும்வரை பிறந்தவீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். ஆண் பெயர் எப்படிப் புரண்டாலும் மனைவி பெயர் அவ்வளவாக மாறாது. ஆகவே உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய தம்பதியை எடுங்கள். கணவன் பெயரை மறைத்துவிட்டு, மனைவியின் முழுப்பெயரை வைத்துப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடுங்கள். ஏதாவது ஒரு பிள்ளையின் பதிவில் பாதிரியார் அப்பாவின் பழைய பெயரையும் சேர்த்து எழுதியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சர்ச்சில் கிடைக்காவிட்டால் நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தம் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்தில் சாதாரண விவசாயிகள்கூட அதை எழுதிக்கொண்டார்கள்.

முதல் பெயர்களிலும் கவனம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் பையன் என்றால் ஜோசப், பெண் என்றால் மாரி என்று ஆரம்பிப்பார்கள், அப்புறம் ஞானப்பெற்றோர் பெயர், கடைசியில்தான் வீட்டில் கூப்பிடும் பெயர். முதல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஊரெல்லாம் ஜோசப்தான். பழைய காலத்தில் ஒரு குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்ததற்கும் வைப்பார்கள், அதனால் அடக்கப் பதிவையும் பாருங்கள்.

பழைய கியூபெக் சர்ச் பதிவுகளைத் தொகுத்துவைத்திருக்கும் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.டி.எச். (PRDH) தரவுத்தளமும் துரூவேன் நிறுவனம் படமெடுத்த பதிவேடுகளும்தான் முக்கியம். இரண்டும் பெரும்பாலும் கட்டணச் சேவைகள், ஃபேமிலிசர்ச் இலவசம். 1871 முதல் 1890 வரை வெளிவந்த தாங்கே பாதிரியாரின் ஏழு தொகுதி வம்சாவளி அகராதியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் பிழைகள் உண்டு, துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கியூபெக் நகரின் முதல் பதிவேடுகள் 1640இல் தீயில் எரிந்து, பிறகு நினைவிலிருந்து எழுதப்பட்டவை. அந்த வருடங்களில் எதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

குடும்பம் இடையில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள பஞ்சாலை ஊர்களுக்குப் போயிருந்தால் இன்னொரு சிக்கல், பெயரையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிடுவார்கள்: ருவா அங்கே கிங் ஆகியிருப்பார், புவாவேர் கிரீன்வுட் ஆகியிருப்பார். அப்போதும் மனைவி பெயரில் தேடுங்கள்.